கொட்டகைக்கு முன்னால் நாற்பது பொட்டலம்

எங்கள் பக்கத்தில் வாழைத்தார் விலை விழும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும். "மாவு மில்லு ஒண்ணு போட்டுட்டா இந்தக் கஷ்டமே இல்லை." ஜீயபுரம் டீக்கடையிலும் இதே பேச்சு, காந்தி மார்க்கெட்டில் தாரை இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் வண்டியிலும் இதே பேச்சு. விலை ஏறியதும் பேச்சு அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை. எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் திட்ட அறிக்கையே தயாராகிவிட்டது. கொட்டகை, உலர்த்தி, சீவும் இயந்திரம், அரவை, பொட்டலம் போடும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 40 லட்சம் ரூபாய். கொஞ்சம் மானியம், மீதி வங்கிக் கடன், நம் பங்காகக் கால் பங்கு. அந்தக் கால் பங்கு என்பது ஆயிரம் ரெண்டாயிரமாகப் பங்குத்தொகை கட்டிய சின்ன விவசாயிகளின் பணம். அதில் பாதிப் பேர் பெண்கள்.

கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டும் முன் நாற்பது பொட்டலம் விற்றுப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். "சாருக்கு ரிட்டையர் ஆகியும் பேங்க் புத்தி போகலை" என்று ஒரு தம்பி சிரித்தான். போகவில்லைதான். முப்பத்தைந்து வருஷம் கடன் கோப்பு படித்தவனுக்கு அது எப்படிப் போகும்? அந்தப் புத்தி என்ன சொல்கிறது என்பதை நம் இதழின் வாசகர்களிடம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் நடப்பதுதான் இப்போது பல ஊரிலும் நடக்கிறது. ஒன்றிய அரசு 2020 பிப்ரவரி 29 அன்று பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சமவெளியில் 300 உறுப்பினர் இருந்தால் போதும். மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவு, உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வீதம் 15 லட்சம் வரை ஈடான பங்கு மானியம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பணம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்லும் முதல் பதில் கட்டடமாக இருக்கிறது.

திட்ட அறிக்கைகளைப் பற்றி ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். எந்தத் தொழிலுக்கு எழுதினாலும் அதில் ஒரு வரி ஒரே மாதிரி இருக்கும். முதல் ஆண்டு உற்பத்தித் திறனில் 60 சதவீதம், இரண்டாம் ஆண்டு 70, மூன்றாம் ஆண்டு 80. அரிசி ஆலைக்கும் அதுதான், செங்கல் சூளைக்கும் அதுதான், மாட்டுத் தீவனத்துக்கும் அதுதான். இந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுதிக்கொடுத்த ஆடிட்டருக்கும் தெரியாது, வாங்கிவைத்த எங்களுக்கும் தெரியாது. அந்த 60-ஐ வைத்துத்தான் வருமானம், அதை வைத்துத்தான் தவணை கட்டும் சக்தி. கோப்பில் நிலப் பத்திரம் இருக்கும், மின் இணைப்பு அனுமதி இருக்கும், இயந்திர விலைப்புள்ளி மூன்று இருக்கும். இந்தச் சரக்கைக் காசு கொடுத்து ஒருமுறை வாங்கி, மறுபடியும் வந்து கேட்ட ஒரே ஒரு ஆளின் பெயர்கூட இருக்காது. கடன் ஆய்வுக்குப் போய், பூட்டிய கதவுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இயந்திரம் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் ஒரு பழுதும் இருக்காது. சரக்கை வாங்கத்தான் ஆள் இல்லை.

மானியம் பற்றியும் சொல்லவேண்டும். பல திட்டங்களில் மானியம் கடன் கணக்கின் பின்பக்கம் வந்து உட்காரும். கையில் கொடுக்க மாட்டார்கள். தனிக் கணக்கில் வைத்திருந்து, தொழில் சில ஆண்டுகள் ஒழுங்காக ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள். நடுவில் நின்றுபோனால் திரும்பப் போய்விடும். "35 சதவீதம் சும்மா வருது சார்" என்பவர்களிடம் நான் சொல்வது, ஓடினால்தான் தம்பி சும்மா வரும் என்று.

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, நீங்க சொல்றதுக்கு எங்க ஊர்ல பேரே இருக்கு" என்றான். எம்.வி.பி. மினிமம் வயபிள் ப்ராடக்ட். 2001-இல் ஃபிராங்க் ராபின்சன் என்பவர் வைத்த பெயராம். 2011-இல் எரிக் ரீஸ் 'தி லீன் ஸ்டார்ட்அப்' என்று ஒரு புத்தகம் எழுதி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். விஷயம் இவ்வளவுதான்: ஒரு பொருளை முழுசாகச் செய்து முடித்துவிட்டு வாங்க ஆள் தேடாதே. எந்தச் சந்தேகம் உன் திட்டத்தையே கவிழ்க்கக்கூடியதோ, அதைத் தீர்க்கிற அளவுக்கு மட்டும் மிகச் சிறிதாக ஒன்றைச் செய். உண்மையான ஆளிடம் கொடு. என்ன நடக்கிறது என்று பார். பிறகு மேலே போ, அல்லது மாற்று, அல்லது விட்டுவிடு.

'குறைந்தபட்சச் சாத்தியப் பொருள்' என்றெல்லாம் இதை மொழிபெயர்க்கிறார்கள். வாயில் நுழையவில்லை. நம் சமையலறையில் இதற்குப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: முதல் ஈடு. கல்யாணச் சமையலில் முதல் ஈடு இட்லியை எடுத்துப் பார்த்துத்தான் மாவுக்கு உப்புப் போதுமா, தண்ணீர் விடவேண்டுமா என்று முடிவு செய்வார் தலைமைச் சமையல்காரர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இதுதானே என்று கேட்கலாம். இல்லை. அது பானை அடுப்பில் ஏறிய பிறகு பார்க்கும் பதம். நான் சொல்வது பானை வாங்கும் முன் பார்க்கவேண்டியது.

இதைச் செய்ய மென்பொருள் படித்திருக்கத் தேவையில்லை. நம் கண் முன்னாலேயே இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. ஒன்று நான் வேலை பார்த்த துறையில் நடந்தது.

வங்கியில் நான் கள அலுவலராக இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் ஐ.ஆர்.டி.பி. என்ற திட்டம் ஓடியது. 1978-இல் ஆரம்பித்து, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் ஒரே வீச்சில் விரித்த திட்டம். ஏழைக் குடும்பத்துக்குக் கறவை மாடோ ஆடோ வாங்க மானியத்தோடு கடன். நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் இலக்கு வரும், மார்ச் மாதத்துக்குள் முடிக்கவேண்டும். மாடு வேண்டுமா என்று குடும்பத்தைக் கேட்க நேரம் இருக்காது. தீவனம் இருக்கிறதா, பால் எடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க நேரம் இருக்காது. வசூல் எப்படி இருந்தது என்பதை என் வயது வங்கிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே. 1999-இல் அந்தத் திட்டத்தை வேறொன்றோடு சேர்த்து முடித்துவைத்தார்கள்.

அதே காலத்தில்தான் நபார்டு வங்கி இன்னொன்றைச் செய்தது. எண்பதுகளில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள், பெரிய கூட்டுறவுச் சங்கங்களில் ஒட்டாத ஏழைகள் பதினைந்து இருபது பேராகச் சேர்ந்தால் ஒழுங்காகச் சேமிக்கிறார்கள், தங்களுக்குள் கொடுத்து வாங்குகிறார்கள் என்பதைக் கவனித்தன. நம் தருமபுரியில் 1989-இல் ஐ.எஃப்.ஏ.டி. உதவியோடு பெண்கள் குழுக்கள் தொடங்கின. இதை வங்கியோடு இணைத்தால் என்ன ஆகும்? நபார்டு 1992-இல் முன்னோட்டமாக எடுத்துக்கொண்டது 500 குழுக்கள். இவ்வளவு பெரிய நாட்டில், ஐந்தே நூறு!

அந்த 500-ஐ வைத்து எதைச் சோதித்தார்கள் என்பதுதான் முக்கியம். பதிவு செய்யாத ஒரு குழு, அடமானம் இல்லாமல், தன் சேமிப்பை மட்டும் காட்டி வாங்கும் கடனைத் திருப்பிக் கட்டுமா? ஒரே கேள்வி. மற்ற எல்லாவற்றையும் வெளியே வைத்தார்கள். மாடு வாங்கினாயா, தையல் இயந்திரம் வாங்கினாயா என்று கேட்கவில்லை. கடன் எதற்கு என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். உள்ளுக்குள் வட்டி எவ்வளவு என்பதையும் குழுவிடமே விட்டார்கள். கடனுக்கு மானியம் கிடையாது. சேமிப்புக்கு ஈடாக ஒரு மடங்கு, ஒழுங்காகக் கட்டினால் நாலு மடங்கு வரை. ஒரு நோட்டு, ஒரு பூட்டுப் பெட்டி, வாரக் கூட்டம். அவ்வளவுதான் அந்தத் திட்டத்தின் சொத்து.

எங்கள் கிளையில் அப்படி ஒரு குழுவின் கணக்கைத் திறக்க நான் பட்ட பாடு! பதிவு இல்லாத அமைப்புக்கு எப்படிக் கணக்கு, யார் பெயரில் கையெழுத்து, கடன் திரும்பாவிட்டால் யார் மேல் வழக்கு என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விகள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் 500 குழுவில் பதில் கிடைத்தது. ஐந்து லட்சம் குழுவில் தேடியிருந்தால் நாறிப்போயிருக்கும். நாலு வருஷம் கழித்து 1996-இல்தான் ரிசர்வ் வங்கி இதை வங்கிகளின் வழக்கமான கடன் வேலையாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இன்று மகளிர் குழு இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. இதில் பின்னால் நுழைந்த குறைகள் வேறு கதை, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் ஒரே காலம், ஒரே ஏழைகள், ஒரே வங்கிக் கிளைகள். ஒரு திட்டம் எல்லா ஒன்றியத்திலும் ஒன்றாகத் தொடங்கியது, இன்னொன்று 500-இல் தொடங்கியது. எது நின்றது என்று பாருங்கள்.

இரண்டாவது உதாரணம் நம் இயக்கத்தவருக்குப் புதிது இல்லை. திருத்துறைப்பூண்டி கட்டிமேடு நெல் ஜெயராமன். நம்மாழ்வார் அய்யா 2003-இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தபோது கூட நடந்தவர். வழியில் கிடைத்த பாரம்பரிய நெல்லை விதைத்துப் பெருக்கி, 2006-இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கினார். வருபவருக்கு இரண்டு கிலோ விதை, விலை கிடையாது. அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறையும்போது நூற்றி எழுபது ரகத்துக்குப் பக்கத்தில் மீட்டிருந்தார்.

அந்த இரண்டு கிலோவை வங்கிக்காரன் கண்ணால் பாருங்கள். வழக்கமான நடவில் அது பத்து சென்ட்டுக்குக்கூடக் காணாது. காட்டுயானமோ மாப்பிள்ளைச் சம்பாவோ தன் மண்ணில் வருமா என்று தெரியாத விவசாயி பத்து சென்ட் இழந்தாலும் குடும்பம் பட்டினி கிடக்காது. ஆனால் அந்தப் பத்து சென்ட்டில் நடப்பது முழு விவசாயம். நாற்று, நடவு, களை, சாய்கிறதா இல்லையா, வைக்கோல் எவ்வளவு, சோறு எப்படி, எல்லாம் தெரிந்துவிடும். திருப்பித் தரும் நாலு கிலோ இருக்கிறதே, அது வட்டி இல்லை, தகவல். நாலு கிலோவோடு வருபவர் ரகத்தின் குணத்தையும் கூடவே சொல்வார். திரும்பி வராதவரும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். சேமிப்புக் கிடங்கு கட்டி, நூறு ஏக்கரில் விதைப்பண்ணை போட்டு, பிறகு விவசாயியைத் தேடியிருந்தால் இந்த இயக்கம் முதல் ஆண்டே முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, எங்கள் வாழைக்காய் மாவுக்கு வருகிறேன்.

முதலில் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதினோம். மாவு கறுக்காமல் வருமா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், காய் வருஷம் முழுக்கக் கிடைக்குமா, பெண்கள் வேலைக்கு வருவார்களா, பெயர் என்ன வைப்பது... இருபத்துச் சொச்சம் வந்தது. இதில் எது பொய்த்தால் மற்றதெல்லாம் வீண்? ஒன்றுதான்: ஒருமுறை வாங்கிய வீடு, நாம் கேட்காமல் மறுமுறை வாங்குமா? பெயர், அட்டைப்படம், இணையதளம் எல்லாவற்றையும் அப்போதே அடித்துவிட்டோம். லோகோ வரைந்து வைத்திருந்த தம்பிக்கு மட்டும் வருத்தம்.

10,000 ரூபாய் ஒதுக்கினோம். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகை. பொறுப்பு ஒருவருக்கு மட்டும், குழுவுக்கு இல்லை. அந்தநல்லூர் பக்கத்து உறுப்பினர் ஒரு அம்மா, பி.காம். படித்தவர், நோட்டுப் போட்டு எழுதுவதில் என்னைவிடக் கறார். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தோம். மாசிக் கடைசியில் மொந்தன் காய் 115 கிலோ வாங்கி, தோல் சீவி, கறுக்காமல் இருக்க வீட்டில் செய்வதுபோல மோர் கலந்த நீரில் போட்டு, மொட்டைமாடியில் வலைக்குக் கீழே காயவைத்தோம். நடுவில் ஒரு நாள் மேகம் மூடிக்கொண்டது. 15 கிலோ கறுத்துப் போனது. மிச்சத்தில் 20 கிலோ மாவு. அரைக் கிலோவாக நாற்பது பொட்டலம்.

விற்பதில்தான் சண்டை வந்தது. ஸ்ரீரங்கத்தில் கோயில் பக்கம் கடை போட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்றார்கள். வைகுண்ட ஏகாதசி வரை காத்திருந்தால் பத்தே நாளில் ஒரு டன் போகும் என்றார் இன்னொருவர். போகும்தான். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வெளியே வருகிறவர் எதையும் வாங்குவார். மறுநாள் அவர் மதுரையிலோ மைசூரிலோ இருப்பார், மாவை இரண்டாம் முறை வாங்குவாரா என்று எப்படித் தெரியும்? திருவிழாக் கடையில் விற்பதும் சொந்தக்காரருக்கு விற்பதும் கண்காட்சியில் இலவசமாகக் கொடுத்து "சூப்பரா இருக்கு" என்று கேட்டுக்கொள்வதும் சோதனையே இல்லை. சித்திரை வீதி, உத்தர வீதி, திருவானைக்காவல் அடுக்ககங்கள், அங்கே எங்களோடு உறவோ பழக்கமோ இல்லாத நாற்பது வீடு. விலை 180 ரூபாய். இனாம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. போன் நம்பர் எழுதிய சீட்டு உள்ளே. வாங்கியவரை ஒரு மாதத்துக்கு நாங்கள் கூப்பிடக் கூடாது.

விற்கும் முன்பே இன்னொன்றையும் செய்தோம், அதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். நாற்பதில் இருபது வீடு திரும்ப வாங்கினால் அடுத்த கட்டம், எட்டுக்குக் கீழே போனால் இந்தத் திட்டத்தைக் கைவிடுவது, நடுவில் வந்தால் பொருளை மாற்றி இன்னொரு முறை பார்ப்பது என்று தாளில் எழுதி, இயக்குநர்கள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். ஏனென்றால் முடிவு வந்த பிறகு உட்கார்ந்தால், ஆசை இருக்கிறவனுக்கு ஐந்து வீடுகூட ஐம்பதாகத் தெரியும். நான் எத்தனை கூட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

திரும்ப வாங்கியது பதினொரு வீடு.

அந்தப் பதினொன்றில் ஒன்பது, கைக்குழந்தையோ சின்னப் பிள்ளையோ இருக்கிற வீடு. கஞ்சி காய்ச்ச வாங்கியிருக்கிறார்கள். அரைக் கிலோ அதிகம், சின்னதாக வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அடைக்கும் தோசைக்கும் கலந்து பார்த்துவிட்டு நிறம் மங்கலாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாமிகள், மாவு வேண்டாம், வறுத்து மிளகாய் பருப்புச் சேர்த்த வாழைக்காய்ப் பொடி போடுவீர்களா என்று கேட்டார்கள். அது சோற்றில் பிசைந்து சாப்பிட அருமையான சாமான், ஆனால் பழைய முறையில் செய்தால் ரொம்ப நாள் தாங்காது.

செலவுக் கணக்கு இன்னும் சுவாரசியம். காய் 2,070, சீவி நறுக்கிய கூலி 3,200, அரவை 300, உறையும் சீட்டும் 700, வண்டி 500. மொத்தம் 6,770. விற்றது 7,200. மிஞ்சிய 430-ஐ லாபம் என்று யாரும் எண்ணவேண்டாம். பார்க்கவேண்டியது கூலி. நம் ஆட்கள் செய்த வேலைக்கும் கூலி போட்டதால் தெரிந்தது, செலவில் கிட்டத்தட்டப் பாதி தோல் சீவுவதில் போகிறது. திட்ட அறிக்கையில் சீவும் கூலி ஒரு ஓரத்தில் சின்ன வரியாக இருந்தது. 'வீட்டு ஆள்தானே' என்று கூலி போடாமல் விடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிப் போடுகிற கணக்கில் எல்லாத் தொழிலும் லாபம்தான்.

இப்போது அந்த 60 சதவீதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அறிக்கைப்படி முதல் ஆண்டு மாதம் மூன்று டன் மாவு, அதாவது 6,000 பொட்டலம். நாற்பதில் பதினொன்று என்ற கணக்கில் மாதம் 6,000 பொட்டலம் போகவேண்டுமானால் ஏறக்குறைய 22,000 வீட்டில் நம் மாவை ஒருமுறையாவது வாங்க வைத்திருக்கவேண்டும். இதைக் கூட்டத்தில் சொன்னதும் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மென்பொருள்காரர்கள் சொல்வதில் நமக்குப் பொருந்தாத இரண்டையும் சொல்லிவிடவேண்டும். முதல் வடிவம் வெட்கப்படும்படி அரைகுறையாக இருக்கலாம், சீக்கிரம் வெளியே விடு என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. செயலியில் பிழை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திவிடுவார்கள். மாவில் பூஞ்சை இருந்தால்? அதுவும் குழந்தைக் கஞ்சிக்குப் போகிற மாவில்? இயற்கை விளைபொருள் என்று நம்பி வாங்குகிறவர் ஒருமுறை முகம் சுளித்தால் நம் எல்லோர் சரக்குக்கும் சேர்த்துத்தான் சுளிக்கிறார். சிறிதாகச் செய் என்றால் எண்ணிக்கையில் சிறிது. சுத்தத்தில் நாலாயிரம் பொட்டலத்துக்கு என்ன கவனமோ அதே கவனம் நாற்பதுக்கும்.

இன்னொன்று காலம். அவர்கள் வாரா வாரம் மாற்றிப் பார்ப்பார்கள். வாழை கட்டை நட்டால் தார் வெட்ட ஒரு வருஷம். அதனால் சரக்குச் சந்தேகத்தையும் பயிர்ச் சந்தேகத்தையும் போட்டுக் குழப்பக் கூடாது. மாவு போகுமா என்று பார்க்கச் சந்தையில் காய் வாங்கி ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். அது தெரியும் முன்பே 'மில்லுக்கு வேணும்' என்று பூவனை விட்டுவிட்டு ஐம்பது ஏக்கரில் மொந்தன் போடச் சொல்வது அநியாயம். எங்கள் ஊரில் இரண்டு பேர் கட்டை வாங்க முன்பணமே கொடுத்துவிட்டார்கள், நல்லவேளை சொல்லி நிறுத்தினோம்.

எல்லாவற்றையும் சிறிதாகப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. முக்கொம்பில் பாதி அணை கட்டிப் பார்க்க முடியாது. ஆனால் மாவு மில் அணை இல்லை. இயந்திரத்தைக்கூட வாங்காமல் பார்க்க வழி இருக்கிறது. நம் திருச்சியிலேயே 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மாவு முதல் நார் வரை பயிற்சியும் தொழில்நுட்பமும் தருகிறார்கள். தஞ்சாவூரில் ஐ.ஐ.எஃப்.பி.டி. என்று நாம் சொல்லிப் பழகிய இன்றைய நிஃப்டெமில், தொழில் முனைவோர் கட்டணம் கட்டி அவர்கள் இயந்திரத்திலேயே செய்துபார்க்க வசதி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். 40 லட்சத்துக்கும் ஒரு பேருந்துச் சீட்டுக்கும் நடுவில் எவ்வளவோ படி இருக்கிறது.

"இந்த வருஷம் விட்டா மானியம் போயிடும் சார்" என்பதுதான் எனக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம். போகலாம். அடுத்த வருஷம் வேறு பெயரில் ஒன்று வரும், அல்லது வராது. மானியம் போனால் மானியம்தான் போகும். கடன் வாராக்கடன் ஆனால் பங்குத்தொகை கட்டிய முந்நூறு குடும்பத்தின் பணம் போகும். அதைவிட, அடுத்த முறை "எல்லோரும் சேருவோம்" என்று கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். இளைஞர்களுக்கு ஒரு தொழிற்சாலை வேண்டும் என்று இருப்பது எனக்குப் புரிகிறது. தாரைத் தோளில் சுமந்து இன்னொருவன் சொல்கிற விலைக்குக் கொடுத்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். பெயர்ப்பலகை மாட்டிய கட்டடம் ஒன்று நமக்கென்று வேண்டும் என்கிற ஆசையில் ஒரு மானப் பிரச்சினையும் இருக்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். பூட்டிய கட்டடத்தில் அந்தப் பலகை தொங்குவதைப் பார்க்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்ட தாளின்படி பதினொன்று என்பது நடுவில் வருகிற எண். ஆகவே இரண்டாம் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை 200 கிராம் பொட்டலம், சின்னப் பிள்ளை இருக்கும் வீடு மட்டும், எண்பது வீடு. வெயிலை நம்பாமல் தஞ்சாவூரில் உலர்த்தி அரைத்து வாங்குகிறோம், அதற்கு ஆகும் செலவு தனி வரியில். வாழைக்காய்ப் பொடியை அந்த அம்மா தன் வீட்டில் பத்துப் பாட்டிலில் போட்டு, வாரம் ஒன்றைத் திறந்து பார்க்கிறார். இரண்டாம் சுற்றுக்கான எண்களையும் முன்கூட்டியே எழுதி வைத்தாயிற்று. நாற்பது வீடு திரும்பி வந்தால் சின்ன உலர்த்தி ஒன்று மட்டும், கடன் இல்லாமல். இருபதுக்குக் கீழே என்றால் மாவு வேண்டாம். ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அதுவரை கொட்டகைக்கு அளவெடுக்க வரவிருந்த பொறியாளரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.